காதால் பார்த்த படம்

பிப்ரவரி 28, வெள்ளி

பொம்மு, உன் படம் இன்று வந்துவிட்டது. நீ நடித்த படமில்லை, நீ நடந்த படம். யாரிடம் சொன்னாலும் முழிக்கிறார்கள். படத்தில் ஆட்கள் நடக்கிற சத்தம், துணி உரசுகிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம் இதையெல்லாம் பிற்பாடு ஓர் அறைக்குள் தனியாகச் செய்து சேர்ப்பார்கள், என் மகளுக்கு அதுதான் வேலை என்று விளக்கி முடிப்பதற்குள் பேருந்து வந்துவிடுகிறது.

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு வருகிற படம். இதற்கு மேல் வேறு படம் இல்லை. உன் குரலை நான் எதிலும் பிடித்து வைக்கவில்லை. இதில் உன் காலாவது இருக்கிறது. அதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

நானும் உன் சித்தியும் போனோம். படம் முழுக்க அழுதேன். உனக்காக இல்லை, அந்தக் கதாநாயகிக்காக! வீட்டை விட்டு ஓடுகிறாள், திரும்பி வருகிறாள், அம்மாவிடம் பேசமாட்டேன் என்கிறாள். கதைக்குள் போய் விழுந்துவிட்டேன். வெளியே வந்து செருப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: காலடியைக் கேட்கவே இல்லை.

"நல்லா தேடின போ. நீ மூக்கு சிந்தின சத்தத்துல பக்கத்து சீட்டுக்காரனுக்கே ஒண்ணும் கேக்கல" என்றாள் சித்தி.

மார்ச் 4, செவ்வாய்

உன்கூட வேலை செய்த கண்ணாடிக்காரி வந்திருந்தாள். "அம்மா, எந்த இடம்னு நானே சொல்லிடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். என் பிள்ளையை இன்னொருத்தர் கைகாட்டியா நான் பார்க்க வேண்டும்? "எப்படித் தேடணும்னு மட்டும் சொல்லிக்கொடு."

தன் கணினியில் வேறு ஏதோ படம் போட்டாள். "படம் வெட்டி மாறும்போதெல்லாம் மேசையில தட்டுங்க."

ஒருத்தி படி இறங்கித் தெருவுக்கு வருகிறாள், அவ்வளவுதான். அதற்குள் என் கை ஓய்ந்துவிட்டது. முகம், கைப்பிடி, பாதம், மேலேயிருந்து ஒரு பார்வை, மறுபடி முகம். இத்தனை துண்டா? இவ்வளவு காலமும் ஒரே வீச்சில் எடுத்தது என்றுதானே நினைத்தேன்!

"இப்ப கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க."

நடை எங்கேயும் அறுபடவில்லை. படம் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது, காலடி மட்டும் ஒரே நூலாக ஓடுகிறது. அந்த நூல்தான் துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் சேர்த்துப் பிடிக்கிறதாம். நீ செய்தது இதைத்தானா!

நான் எட்டாவதோடு நின்றவள். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை. நன்றாக இருக்கட்டும் அந்தப் பெண்.

மார்ச் 5, புதன்

டிவியில் செய்தி பார்த்தால்கூடக் கை தானாகத் தட்டுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் தடவை. கதாநாயகி ரயிலுக்கு ஓடுகிற இடத்தில் பிடித்துவிட்டேன், நீயேதான் என்று. சித்தியைக் கிள்ளியே விட்டேன். வந்ததும் கண்ணாடிக்காரிக்குப் போன் போட்டேன்.

தயங்கினாள். "இல்லம்மா... அது ஷூட்டிங்லயே பதிவானது. மூச்சும் காலும் சேர்ந்தே வருது பாருங்க. அவங்களே ஓடினது."

வேறு யாரோ ஓடியதற்கா அவ்வளவு பூரித்தேன்? பெத்தவளுக்கே அடையாளம் தெரியலன்னா வேற யாருக்குடி தெரியும்? வியாழனோடு படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிடுகிறார்களாம்.

மார்ச் 11, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற சலவை அறையில் விடுப்புக் கேட்டேன். "போய்ட்டு வாக்கா, உன் பங்கு விரிப்பையும் நாங்களே மடிச்சுடறோம்" என்றார்கள். ஏன் எதற்கு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. எனக்கு வாய்த்த ஆட்கள்.

மார்ச் 13, வியாழன்

கடைசிக் காட்சி. விளக்கு அணைந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ண மூடிக்கிட்டுப் பாக்கிறதுக்கு டிக்கெட் வாங்கின ஒரே ஆளு நீதான்க்கா" என்றாள் உன் சித்தி.

பாதிப் படம் போயிருக்கும். ஒரு நடை வந்தது. இடது கால் அழுத்தி, வலது கால் லேசாக இழுத்து. மெதுவாகக் கிட்டே வந்தது. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.

கண்ணைத் திறந்தேன். திரையில் நடக்கிற ஆளே இல்லை! கட்டிலில் அந்த மகளின் முகம், அடுத்து மூடிய கதவு. அம்மாவைக் காட்டாமலே, காலடியால் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். போன தடவை முழுக்க நான் திரையில் தெரிகிற கால்களிலேயே உன்னைத் தேடியிருக்கிறேன்.

சித்தி என் கையைப் பிடித்தாள். "அக்கா, இது உன் நடைக்கா." உன்னைப் பெற்றதிலிருந்து என் வலது கால் இப்படித்தான் இழுக்கிறது.

வாசலில் நின்றே போன் செய்தேன். கண்ணாடிக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். "டைரக்டர் சும்மா ஒரு நடை போதும்னாரு. இவ விடல. செருப்ப மாத்தி மாத்தி நடந்தா. என்னடி பண்றேன்னு கேட்டா, 'எங்கம்மாவ நடக்கிறேன், பேசாம இரு'ங்கிறா."

உனக்கும், அவளுக்கும், கை வலிக்க என் பங்கை மடித்தவர்களுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வீடு வந்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை பொம்மு. வேலை முடிந்து வந்தால் உன் அறை வாசல்வரை வருவேன். அசந்து தூங்குகிறாய், எழுப்ப வேண்டாம் என்று நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. அப்போதெல்லாம் நீ விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாயா?