சத்துருவுக்குச் சாளைக்கறி

குன்னுக்குழி,
திருவனந்தபுரம்,
3.1.1999

கர்த்தருக்குள் ஒரு காலத்தில் பிரியமாயிருந்த நேசமணிக்கு,

எலிசாள் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடப் போயிருப்பாய். போடாதே, முழுக்கப் படி. புது வருஷ வாழ்த்தையும் இதிலேயே சேர்த்துக்கொள்.

நம் ஊரைப் போலவே இங்கேயும் புது வருஷ ஆராதனை முடிந்ததும் வசன அட்டை எடுக்கச் சொல்கிறார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கையில் எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை. என் வீட்டுக்காரருக்குச் சமாதானம் வந்தது. முன் வரிசை ரத்னாபாய் அக்காவுக்கு ஆசீர்வாதம். எனக்கு என்ன வந்தது தெரியுமா? சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குச் சாப்பாடு போட வேண்டுமாம். ஊரெல்லாம் செழிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக, எனக்கு மட்டும் அடுக்களை வேலை.

ஆனால் வசனத்தைச் சுவரில் மாட்டி வைத்துத் தூசி தட்டுகிறவள் நான் இல்லை. செய்தே தீர வேண்டும். சத்துரு யாரென்று யோசித்தேன். வீட்டு உடமைக்காரி அம்மிணி சேச்சி தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவாள்தான். ஆனால் வாரத்தில் பாதி நாள் அவள் சாப்பிடுவதே என் அடுக்களையில்; அவளைச் சேர்க்க முடியாது. வேறு ஆளைக் காணோம். நேசமணி, எனக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சத்துரு நீதான்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். என் வீட்டுக்காரர் சத்தியநேசன் குடிக்கிறார் என்று, கூட்டுக்காரி, சிநேகிதி என்று நம்பி உன்னிடம் மட்டும்தான் அழுதேன். நீ அந்தப் புதன்கிழமையே பெண்கள் கூட்டத்தில் எழுந்து ஜெபக் குறிப்பு கொடுத்தாய். பெயர் சொல்லவில்லை. ‘கலுங்குப் பாலத்துக்குப் பக்கத்தில் நீலச் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு சகோதரன் குடியை விட ஜெபிப்போம்’ என்றாய். நம் சபையில் நீலச் சைக்கிள் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள். மனுஷன் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து வெளியே போனார். அடுத்த மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம்.

ஆகவே வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நீ வந்து சாப்பிட வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைக்கிறேன். இது அன்பினால் அல்ல, கீழ்ப்படிதலினால். அப்படிச் சாப்பாடு போட்டால் சத்துருவின் தலையில் தணலைக் குவித்ததுபோல ஆகும் என்றும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பகுதியை நினைத்தால்தான் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

உன் சத்துரு,
எலிசாள்


குழித்துறை,
12.1.1999

சத்துருவாகிய எலிசாளுக்குச் சமாதானம் உண்டாவதாக.

உன் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. என் வீட்டுக்காரர் ஞானதாசுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

நீ எப்போதும் பாதி வசனத்தோடு ஓடுகிறவள். சத்துரு பசியாயிருந்தால் என்றுதான் போட்டிருக்கிறது. எனக்குப் பசி இல்லை. வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறேன். அதனால் வரவில்லை.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி எழுதியிருந்தாய். நான் பெயர் சொல்லவில்லையே. ஜெபிக்கத்தானே சொன்னேன்? உனக்காக அன்றைக்கு நான் அழுததை யாரும் உன்னிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் வீட்டுக்காரர் இப்போது குடிக்கிறாரா? சாளைக்கறியில் நீ குடம்புளியை அள்ளிப் போடுவாய். இன்னும் அப்படித்தானா?

நேசமணி


குன்னுக்குழி,
24.1.1999

பசியில்லாத நேசமணிக்கு,

நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் அந்தச் சனிக்கிழமை கறி வைத்தேன். வைக்கிறேன் என்று சொன்னால் வைக்க வேண்டாமா? சட்டி நிறைய மீனைப் பார்த்துவிட்டு அம்மிணி சேச்சி யாருக்கு என்று கேட்டாள். சத்துருவுக்கு என்றேன். தனக்கும் ஒன்றிரண்டு சத்துருக்கள் உண்டு, கூட்டி வரட்டுமா என்றாள். கடைசியில் அவளே சாப்பிட்டாள். புளி சரியாகத்தான் இருந்ததாம்.

நீ கேட்டதற்குப் பதில்: குடிப்பதில்லை. பழவங்காடியில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. சாயங்காலம் ரொட்டி வாசனையோடு வீட்டுக்கு வருகிறார். சைக்கிளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். இருக்கட்டும் என்கிறார். ஏன் என்று சொல்வதில்லை.

நீ அழுதாய் என்று படித்ததும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், தப்பு என்ற ஒரு சொல் அதில் இல்லை. உன்னிடம் மனம்விட்டுச் சொன்னதுபோல அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை, நேசமணி. இங்கே கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்; வாய் திறக்க மாட்டேன்.

அந்தச் சொல் வரும்வரை இனி எழுத மாட்டேன். ஆனால் வசன அட்டை வருஷம் முடியும்வரை செல்லும். பசித்தால் சொல்.

எலிசாள்


மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி,
திருவனந்தபுரம்,
19.4.1999

எலிசா,

எனக்குப் பசிக்கிறது.

ஞானதாஸ் பிலா மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து இங்கே ஆண்கள் வார்டில் கிடக்கிறார். நான்தான் கூட நிற்கிறேன். அந்தப் பிலா எங்களுடையது இல்லை. பக்கத்து விளைக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இவர் சக்கைப் பழம் பறிக்க ஏறியிருக்கிறார்.

போன புதன்கிழமை நம் ஊர்ப் பெண்கள் கூட்டத்தில் சூடாமணி எழுந்து, அடுத்தவர் பிலாவிலிருந்து விழுந்த ஒரு சகோதரனுக்காக ஜெபிப்போம் என்றாளாம். பெயர் சொல்லவில்லையாம். ஊரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் காலைப் பார்த்துவிட்டு, யாருடைய விளையில் நின்ற பிலா என்று கேட்கிறார்கள். இவர் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொள்கிறார்.

நான் செய்தது தப்பு. பெயரைச் சொல்லாவிட்டால் தப்பில்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

உன் வசன அட்டை இன்னும் செல்லுமா?

நேசமணி


குன்னுக்குழி,
21.4.1999, புதன் சாயங்காலம்

கர்த்தருக்குள் பிரியமான நேசமணிக்கு,

செல்லும், செல்லும். இந்தத் தூக்குவாளியைத் திறந்து பார், தெரியும்.

உன் கார்டு இன்று காலையில் வந்தது. இதையெல்லாம் யாராவது திறந்த கார்டில் எழுதுவார்களா? அம்மிணி சேச்சிதான் வாங்கி வைத்திருந்தாள். நல்லவேளை, அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படித்து முடித்ததும் முதலில் சிரித்தேன். பிலா மரத்தை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன், ஞானதாஸ் மன்னிக்க வேண்டும். பிறகு உன் கடைசி வரிகளை மறுபடி படித்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஈரக் கையோடு பாளையம் சந்தைக்கு ஒரே ஓட்டம். சாளை தீர்ந்துபோனால் என் வருஷமே போய்விடாதா?

கறியை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் கூட்டத்துக்குப் போனேன். இங்கேயும் புதன்கிழமைதான். ரத்னாபாய் அக்கா ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டதும் எழுந்து நின்றேன். நான் எழுந்ததையே எல்லாரும் அதிசயமாகப் பார்த்தார்கள். பிலா மரம் நாக்கு நுனியில் வந்து நின்றது. இந்த ஊரில் உங்களை யாருக்குத் தெரியும்? சொல்லியிருந்தால் கூட்டம் நன்றாகச் சிரித்திருக்கும். விழுங்கிவிட்டேன். கால் முறிந்த ஒருவருக்காகவும் அவரோடு கூட நிற்கும் ஒருத்திக்காகவும் ஜெபியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் எனக்கு யார் என்று அக்கா கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நானே கொண்டு வந்திருப்பேன். வந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுவேன், பிறகு பழையதை எடுத்துச் சண்டை போடுவேன், வார்டு தாங்காது. அம்மிணி சேச்சி யாராவது பையனிடம் கொடுத்தனுப்பலாம் என்றாள். அதற்குள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்துவிட்டார். கார்டை வாங்கி நின்றபடியே படித்தார். முகம் கழுவி, சட்டை மாற்றி, ஞானதாசுக்கென்று தன் பேக்கரி பன்னை ஒரு பொதியாகக் கட்டினார்.

“நான் கொண்டு போறேன்” என்றார். “எனக்க சைக்கிள அவளுக்குத் தெரியும். கண்டுபிடிக்க கஷ்டம் இருக்காது.”

வெளியே வந்து அவரை ஒரு வாய் சாப்பிடச் சொல். வேண்டாம் என்பார், விடாதே. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தனுப்ப வேண்டாம், நாளை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பசியோடு இரு.

ரத்னாபாய் அக்காவிடம் சொன்ன பதிலையே கீழே எழுதியிருக்கிறேன்.

உன் கூட்டுக்காரி,
எலிசாள்