சனிக்கிழமை அந்தக் கோப்பையைத் தொடறதுக்கு முன்னாடி

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் சுகமாத்தான் இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியா இருப்பேன்னு நம்பறேன். அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்துட்டா, அடுப்படிக்கு மஞ்சளா பச்சையான்னுதான் இன்னும் முடிவாகலே. எங்க பேக்கரியில கேக் வேகவைக்கற புது ஓவன் வந்திருக்கு, ஒரு பக்கம் கருக்குது, இன்னொரு பக்கம் வேகவே மாட்டேங்குது, முதலாளியைக் கேட்டா மாவு சரியில்லேங்கறார்.

விஷயத்துக்கு வர்றேன். உன் ஆபீஸ் சிநேகிதி வர்ற சனிக்கிழமை ஏதோ ககாவோ சடங்குக்கு, அதான் நம்ம கொக்கோ, கூப்பிட்டிருக்கா, வட்டமா உட்கார்ந்து கெட்டியா ஒரு கோப்பை குடிச்சுட்டுக் கண்ணை மூடினா மனசு திறக்கும்னு சொன்னியே, அன்னையிலேருந்து எனக்கு என்னவோ ஒப்பலே. இத்தனை வருஷமா கேக்குக்குக் கொக்கோ கலக்கறவன் நான், மூக்கு காதெல்லாம் அந்தத் தூள்தான், எனக்கு எதுவும் திறக்கலியே. வெறும் கொக்கோவைக் குடிச்சுட்டு யாராவது அழுவாங்களா, வேற எதையோ கலக்கறாங்கன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். அதை உன் அத்தைகிட்ட சொன்னதுதான் வம்பாப் போச்சு. இங்கேயே கண்ணாடிக் கடை மாடியில அதே மாதிரி நடக்குதாம், சந்தேகப்பட்டுட்டே இருக்காதேண்ணா, நேர்லயே பார்த்துடலாம்னு இழுத்துட்டுப் போயிட்டா.

பாய் விரிச்ச கூடம், மூலையில செருப்பு அலமாரி, நடுவுல ஒரு பானை. நடத்தற அம்மா முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க, வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லி ஊசி போடற நர்ஸ் மாதிரி ஒரு குரல், கேட்டதுமே எனக்குப் பிடிக்கலே. ஆனா ஒண்ணு சொல்லணும், ஊத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் இதய நோய் இருக்கா, ரத்த அழுத்தம் இருக்கா, வயித்துல குழந்தை இருக்கா, மனசுக்கோ வேற எதுக்கோ மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு குறையும் இல்லேன்னு சொன்னா. நான் அந்தப் பதிலைக் கவனிக்கவே இல்லே, என் கண்ணெல்லாம் பானை மேலேயும் அவங்க கை மேலேயும்தான். மோந்து பார்த்தேன், நாக்குல வச்சுப் பார்த்தேன், கொட்டையை அரைச்ச சுத்தமான கொக்கோ, கொஞ்சம் பட்டை, கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான். நான் பாதியோட வச்சுட்டேன், அத்தை வழிச்சுக் குடிச்சா. மேளம் மெதுவா ஆரம்பிச்சுது, யாரோ விசும்பினாங்க, எனக்கு வியர்வையும் குமட்டலும்தான் வந்துச்சு. திடீர்னு அத்தை என் முழங்கையை நகம் பதியப் பிடிச்சா. முகம் சாம்பலா இருந்துச்சு, கழுத்து நரம்பு துடிக்கறது எனக்குத் தெரிஞ்சுது. என்னத்தைக் கலந்தீங்கன்னு நான் போட்ட சத்தத்துல எல்லாருக்கும் கண்ணு திறந்துருச்சு. அந்த அம்மா மேளத்தை நிறுத்தி அத்தையைப் படுக்க வச்சு, வண்டி பிடிச்சு, மிச்சம் இருந்த கொக்கோக் கட்டியையும் எடுத்துட்டு எங்களோடயே ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க.

டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு அத்தைகிட்ட விசாரிச்சப்போதான் விஷயம் வெளியே வந்துச்சு. ரொம்ப நாளாவே அவளுக்குப் படபடப்பு இருக்காம், காப்பியை நிறுத்தச் சொல்லி மாத்திரையும் கொடுத்திருக்காங்களாம், எங்க யாருக்குமே சொல்லலே. அன்னைக்குக் காலையில வெறும் வயித்துல காப்பி வேற. யாரும் எதையும் கலக்கலே, கொக்கோவே காப்பி மாதிரி இதயத்தை விரட்டும், ஒரு துண்டு கேக்குல இருக்கறதைவிட அந்தக் கோப்பையில பல மடங்கு இருக்கும்னு டாக்டர் சொன்னார். நல்லா இருக்கறவங்களுக்கே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாமாம், மனசுக்கான சில மாத்திரைகளோட சேர்ந்தா ரத்த அழுத்தம் எகிறி ஆபத்தாகவும் முடியலாமாம். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இப்போ நல்லா இருக்கா. ஏன்டி பொய் சொன்னேன்னு கேட்டேன், அத்தனை பேர் முன்னாடி நான் வியாதிக்காரின்னு எப்படிண்ணா சொல்றதுன்னு அழுதா.

அந்த வார்த்தைதான் என்னை விட மாட்டேங்குது. இனி வர்றதை எழுதாதீங்க, சின்னு கோவிச்சுப்பான்னு அம்மா சொன்னா, பரவாயில்லே, கோவிச்சுக்கோ. போன வருஷக் கடைசியிலேருந்து நீ மனசுக்கு மாத்திரை சாப்பிடறே, அது அங்கே யாருக்குத் தெரியும்? முன்கூட்டியே உடம்பைச் சுத்தமா வச்சுக்கணுமாம்னு போன்ல சொன்னியே, சுத்தம்னா என்ன அர்த்தம்? மாத்திரையை நிறுத்துன்னு யாராவது சொன்னாங்களா, இல்லே நீயே நிறுத்திட்டியா? நிறுத்தியிருந்தா இன்னைக்கே உன் டாக்டரைக் கூப்பிடு. மாத்திரை பேரைச் சொல்லி, இதைக் குடிக்கலாமான்னு கேளு. கூடாதுன்னா, வெந்நீரை வச்சுக்கிட்டு வட்டத்துல உட்காரு, அதுக்கு இடம் கொடுக்காத கூட்டம் உனக்கு எதுக்கு? குடிக்கலாம்னா கொஞ்சமாக் குடி, முன்னாடி லேசா ஏதாவது சாப்பிடு, அன்னைக்குக் காப்பி வேண்டாம், வேற எதை நீட்டினாலும் வாங்காதே. நெஞ்சு அடிச்சுக்கிட்டா பல்லைக் கடிச்சுட்டு உட்காராம வாயைத் திறந்து சொல்லு.

போகாதேன்னு சொல்லலே, சொன்னா எனக்குத் தெரியாமப் போவே, அது எனக்கு இன்னும் பயம். அத்தை யார்கிட்ட கௌரவம் பார்த்தாளோ அவங்க ஒருத்தருக்குக்கூட அவ பேர் தெரியாது. ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்து நடுங்கினது நான்தான். நீ இருக்கற ஊருக்கு என்னால அப்படி ஓடி வர முடியாதும்மா.

உனக்கு எந்தக் குறையும் வராம இருக்கட்டும், அம்மாவோட ஆசீர்வாதமும் சேர்த்து. டாக்டர் என்ன சொன்னார்னு வெள்ளிக்கிழமைக்குள்ள போன் பண்ணு, நீ பண்ணலேன்னா நான் பண்ணுவேன், எடுக்கற வரைக்கும் விட மாட்டேன்.

உன் மேல உயிரா இருக்கற,
அப்பா