எந்த மொழியில் எழுதுவது என்று தெரியாத வாரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. மொட்டைமாடித் துணியில் பாதி அடுத்த வீட்டில். புளியங்குடி எலுமிச்சை மண்டி அண்ணாச்சி போன். விவசாயிகள் வீட்டிலிருந்தே அன்றைய விலையைப் பார்க்க வேண்டும், எத்தனை மூட்டை அனுப்புகிறார்கள் என்று பதிய வேண்டும். அதற்கான ஆப் செய்யும் வேலை எங்களுக்குத்தான். நானும் ஜெபாவும் கூட்டாக சாஃப்ட்வேர் தொழில் ஆரம்பித்த பிறகு முதல் பெரிய வேலை. சர்வர் பக்கம் எந்தப் புரோகிராம் மொழி? நான் ‘கோ’ என்றேன், சென்னையில் அதில்தான் வேலை பார்த்தேன். அவள் பைத்தான். அவளுக்கு அதுதான் வரும். டீ ஆறிப்போனது.

10, செவ்வாய்

கோ: வேகம். சின்ன சர்வர் போதும்.
பைத்தான்: சீக்கிரம் முடியும்.
ஜாவா: காலேஜோடு சரி.
நெட்டில் நாள் முழுக்கப் படித்தேன். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.
மறுபடி குமட்டல். உண்டாகியிருப்பதை ஜெபாவிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று மாதம் முடியட்டும் என்கிறார் அத்தை.

12, வியாழன்

விலை காட்டும் பகுதியை மட்டும் இரண்டிலும் எழுதிப் பார்த்தேன், பைத்தானில் நெட்டைப் பார்த்துக் காப்பியடித்து. இரண்டும் ஓடுகிறது. ஒன்றாவது ஓடாமல் இருந்திருக்கலாம்.
தன் ஊர் கரிவலத்திலிருந்து ஜெபா வந்தாள். வேகம், வேகம் என்று நான். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை. எனக்குக் கோ ஏன் வேண்டும் என்பதும் சரியாகத் தெரியவில்லை.

13, வெள்ளி

கோ மொழியில் எழுதியதில் ஒரு பிழை. இன்றும் வந்த ஜெபாவைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் படுத்தேன். எழுந்தபோதும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.
“எனக்கு இதுல ஒரு வரி திருத்தத் தெரியலட்டி. நீ இல்லாத அன்னைக்கு நின்னுபோச்சுன்னா அண்ணாச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”
உண்டாகியிருப்பதை அப்போதுதான் சொன்னேன். பிரசவ நேரத்தில் இவள் தனியாகத்தானே பார்க்க வேண்டும். இதை நான் யோசிக்கவே இல்லையா, யோசிக்கப் பிடிக்கவில்லையா?
“எங்கிட்ட எப்ப சொல்லலாம்னு இருந்த?”
பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

14, சனி

பைத்தானே இருக்கட்டும் என்று மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை. கோபம் மொழியாலா, மறைத்ததாலா? கேஸ் சிலிண்டர் வந்தது.

15, ஞாயிறு

சர்ச் முடிந்து ஜெபா நேரே வந்தாள். கோவே இருக்கட்டும் என்கிறாள். நேற்று நான் விட்டுக்கொடுத்ததை இன்று இவள் பிடித்துக்கொள்கிறாள். புரியவில்லை, கேட்டேன்.
“நாளைக்கு நானும் காய்ச்சல்னு படுத்துக்கிடலாம். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதா ஒண்ணு இருக்கணும்லா. ஒனக்கு இப்ப புதுசா படிக்க முடியாது. நான் படிக்கேன், சொல்லித்தா.”
மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாதுளை வாங்கி வந்திருந்தாள்.
அண்ணாச்சிக்கு போன் செய்து கோ என்றேன். அப்படியா, எப்போது ஓடும் என்று மட்டும் கேட்டார்.
முதல் ஃபைலைத் திறந்தோம். புரோகிராமில் மூட்டைக்கு என்ன பெயர் வைப்பது, தமிழிலா இங்கிலீஷிலா? அதில் சண்டை.