இடக் கைக்கு உத்தரவு

ஜமுனாமரத்தூர்,
ஆடி மாதம், 1982.

அன்புள்ள தம்பி லட்சுமணனுக்கு அக்கா மங்கம்மாள் எழுதுவது.

இது உனக்குக் கிடைக்கும்போது நீ சென்னையில் உன் நண்பர் சுப்பிரமணி வீட்டில் இறங்கியிருப்பாய். பஸ் டிரைவர் ராஜாக்கண்ணுவிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து ஓர் அடிகூட இந்தப் பக்கம் வைக்காதே. கிடைத்த ரயிலில் பம்பாய்க்குத் திரும்பிவிடு. தாய் கவலைக்கிடம் என்று கோபால்சாமி மாமா கொடுத்த தந்தி பொய். அன்றைக்கு அம்மா நன்றாக உட்கார்ந்து சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

உன் இசைக்குழுவில் செல்லோ வாசிப்பவர்கள் வரிசையின் முதல் நாற்காலிக்குப் போட்டி போட்டு வென்றாய் அல்லவா? அது கிடைத்தால், ஆடிக் கிருத்திகையன்று கோயிலில் நீ கொதிக்கிற எண்ணெயில் கைவிட்டு வடை எடுப்பாய் என்று அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டாளாம். யாரைக் கேட்டு வேண்டினாய் என்றேன். “சாமியாண்ட வேண்டிக்க உன்னக் கேக்கணுமா?” என்று பாய்ந்தாள். காரணம் சொன்னால் நீ வரமாட்டாய் என்றுதான் இருவரும் போளூர் போய் இந்தத் தந்தி வேலையைச் செய்திருக்கிறார்கள்.

இதைக் கேள். உன் தொழில் கெடக்கூடாது என்று, பூசாரி பஞ்சாட்சரத்தின் காலில் விழுந்து, இடக் கையால் எடுக்க உத்தரவு வாங்கியிருக்கிறாள். திருநீற்றுக்கு இடக் கையை நீட்டினாலே திட்டுகிற மனிதர் அவர். “வில்லு புடிக்கிற கை பத்திரமா இருக்கட்டும். இன்னொரு கை சும்மா கம்பியப் புடிச்சினுதானே இருக்குது?” என்று பெருமையாகச் சொல்கிறாள். அந்தக் கை விரல்கள்தானம்மா பாட்டையே வாசிக்கின்றன என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். நம்பவில்லை. நீ அனுப்பிய போட்டோவில் வில்தான் பெரிதாகத் தெரிகிறதாம்.

சாமி சுடாது என்கிறாள். போன வருடம் பாஞ்சாலி புருஷன் அர்ச்சுனன் எடுத்தான். அவன் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. விரதம் தப்பியிருக்கும் என்று ஊர் அவனையே குறை சொல்கிறது. அடுத்த மாதம் ஜெர்மனியில் அத்தனை பேருக்கு நடுவே நீ தனியாக வாசிக்க வேண்டும். மடங்காத விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

உன்னிடம் மறைக்கவும் மனம் வரவில்லை. நான் உனக்கு எழுதப் போவதாகச் சொன்னதிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. வேண்டுதல் தவறினால் சாமி உன் உயிரைக் கேட்குமாம், அதற்குமுன் தன் உயிரைக் கொடுத்துவிடுவாளாம். நேற்றிலிருந்து தண்ணீரும் இல்லை. பேச்சு குழறுகிறது. ஆனாலும் நீ வராதே. வந்தால் அவள் முகத்தைப் பார்த்ததும் கையை நீட்டிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

அழுதோ திட்டியோ அவளுக்குக் கஞ்சி ஊட்டுவது என் பாடு. இனி மாமா பெயரில் எது வந்தாலும் கிழித்துப் போடு. என் பெயரில் தந்தி வந்தால் அது மெய். அப்போதும் கிருத்திகை கழிந்த பிறகே புறப்படு. கொள்ளி வைக்க ஆள் இல்லையென்றால் நான் வைக்கிறேன்.

முருகன் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

உன் அக்கா,
மங்கம்மாள்