நடுவில் ஒரு தலையணை

மார்ச் 4, செவ்வாய்

சலவைக்கூடத்தில் பாய்லர் பழுது. காலையிலிருந்து நீராவி இல்லை. இஸ்திரிப் பிரிவில் எல்லாரும் இந்த மலையூர்க் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. "உனக்குள்ள தனியா ஒரு பாய்லர் ஓடுதாடி?" என்று துணி மடிக்கிறவள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இத்தனை நாளும் நீராவிமேல் பழியைப் போட்டு வந்தேன். இன்று அந்தச் சாக்கும் போயிற்று.

மார்ச் 5

மாதவிலக்கு வந்து நான்கு மாதம். கர்ப்பப் பரிசோதனையில் ஒரே கோடு. பிள்ளையும் இல்லை. அப்படியென்றால்... அதுதானா?

மார்ச் 9, ஞாயிறு

எழுதியே விடுகிறேன். பதினோரு வருடமாக எனக்கு எச்.ஐ.வி. முதல் கணவர் விட்டுப்போன ஒரே சொத்து. இவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கட்டிக்கொண்டார். வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி இருக்கும்வரை இவருக்குத் தொற்றாது என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்கள் குடித்தனமே நடக்கிறது.

மருந்து தொடங்குமுன் இப்படித்தான் வேர்த்துக் கொட்டியது. வைரஸ் திரும்ப முழித்துக்கொண்டதோ? ஒன்றாக இருக்கும்போது வலி வேறு, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல. வலி என்றால் புண், புண் என்றால் ரத்தம். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கட்டிலின் நடுவே நீளத் தலையணையைப் போட்டுவிட்டேன். இடுப்புக்கு முட்டுக்கொடுக்க என்று புளுகினேன்.

மார்ச் 10

ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை. சத்தியமாக. பிறகு ஏன்?

மார்ச் 15

டீ ஆறிவிட்டது என்று டம்ளரை ணங்கென்று வைத்தேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். அவர் சிந்திய டீயைத் துடைத்தார். பிறகு, "நான் உனக்குச் சலிச்சுப் போயிட்டேனா? சொல்லிடு, தாங்கிக்குவேன்" என்றார்.

பைத்தியக்கார மனுஷன்! உன்னைக் காப்பாத்தத்தானய்யா இந்தப் பாடு படறேன் — அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லையே. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 17

ரத்தம் கொடுத்தேன். முடிவு வரப் பத்து நாளாகுமாம். இன்று இரண்டு காலரைத் தீய்த்தேன்.

மார்ச் 28, வெள்ளி

வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது! அழுதுவிட்டேன்.

"நல்ல ரிசல்ட்டுக்கு ஏம்மா அழறீங்க?" என்றார் டாக்டரம்மா. வேர்வை, வலி, எரிச்சல், தலையணை எல்லாவற்றையும் கொட்டினேன். "மாதவிலக்கு ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். பதினோரு வருடத்தில் அங்கே யாரும் கேட்காத கேள்வி. மாத்திரை போட்டாயா, அவ்வளவுதான். நானும் சொன்னதில்லை. அது இந்த மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் என்று நினைத்திருந்தேன்.

மாதவிலக்கு நிற்கும் காலமாக இருக்கலாமாம். "நாப்பத்திரண்டுலயேவா?" என்றேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே வருவதுண்டாம். ஹார்மோன் பார்க்க மறுபடி ரத்தம். வறட்சிக்கு உள்ளே தடவ ஒரு களிம்பு. வேர்வைக்கு, என் மாத்திரையோடு ஒத்துப்போவதாகப் பார்த்துத் தருவாராம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இனிப் பிள்ளை கிடையாது என்பதும் இதில்தான் இருக்கிறது. அதற்குத் தனியாக அழவேண்டும். இன்று முடியாது.

மார்ச் 29

சொல்லிவிட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தலையணை எனக்காகவா போட்டே?" தலையாட்டினேன். "எனக்கே இல்லாத பயத்த நீ எதுக்கு எனக்கும் சேர்த்துப் பட்டே?"

ஏப்ரல் 20, ஞாயிறு

ஹார்மோன் பரிசோதனையும் மாதவிலக்கு நிற்கும் காலம்தான் என்றது. வேர்வை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. முன்கோபம் அப்படியே. களிம்பு மூன்று வாரமாயிற்று. வலி நன்றாகக் குறைந்துவிட்டது.

காலையில் உறை துவைக்க நீளத் தலையணையைத் தேடினேன். அறையில் இல்லை. அவர் பாய்தான் கதவுக்குப் பின்னால் சுருட்டியபடி நின்றது, மேலே தூசி. கூடத்தில் அவர் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இது இங்கதான் வாகா இருக்கு" என்றார்.

"நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.