தொப்புள்கொடி ஸ்லைடு

பாப்பா,

நேற்றோடு எனக்கு வேலை முடிந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக லேபிலிருந்து ஒன்றைத் திருடிக்கொண்டு வந்தேன். உன்னைத்தான்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. நீ பிறந்ததும் உன் தொப்புள்கொடியில் ஒரு துண்டை நர்ஸிடம் கேட்டு வாங்கி, கெடாமலிருக்கப் பார்மலினில் போட்டு வைத்தேன். லீவு முடிந்ததும் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக்கினேன். தமனியும் சிரையும் எப்படியிருக்கும் என்று எங்கள் கல்லூரியின் வருங்கால டாக்டர்கள் இருபத்தேழு வருஷமாக அதில்தான் பார்த்தார்கள்.

"ஏன் மேடம், ரெண்டு தமனியும் இறுக மூடிக் கிடக்கு, சிரை மட்டும் திறந்திருக்கு?" என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள்.

"கொடியை அறுத்ததும் தமனியோட தசை தானாவே சுருங்கி மூடிக்கும். இல்லன்னா குழந்தையோட ரத்தமெல்லாம் வெளிய போயிடுமே!"

பிழைக்க வேண்டுமென்றால் மூடத்தான் வேண்டும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

உன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன் அல்லவா? உன் மேல் இருந்த கோபத்தில் நான் லீவு கேட்கவே இல்லை.

வீட்டில் மைக்ரோஸ்கோப் ஏது? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு ரோஸ் நிற வட்டம். மேலே மூடிய புள்ளிகள் இரண்டு, கீழே திறந்த ஓட்டை ஒன்று. கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து, பிறந்ததும் நீ வீறிட்ட அதே முகம்.

அன்றைக்கு என் கையில் கொடுத்ததும் அழுகையை நிறுத்திவிட்டாய். இதையும் காலையிலிருந்து கையில்தான் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா