ஆறு பவுண்டு

என்னங்க,

நீங்க நேத்து டூட்டிக்கு ரயிலேறினதும் பாப்பாவுக்கு எடை பார்த்தாங்க. ஆறு பவுண்டு! பிறந்தப்ப மூணே பவுண்டு இருந்த பிள்ளைங்க இது!

டாக்டரம்மா நாப்பது குறைமாசக் குழந்தைங்களோட எடையை வாராவாரம் நோட்டுல எழுதிட்டு வர்றாங்க. அதுல முதல்ல ஆறைத் தொட்டது நம்ம பொண்ணுதான். பாலாடையால சொட்டுச் சொட்டாப் பால் புகட்டுறதை மத்த தாய்மாருக்கு நானே செஞ்சு காட்டணுமாம். நான்! மூணு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். பாப்பாவும் என்கூட வர்றா.

கத்திரிக்காய்க் குழம்பு உறியில இருக்கு. மூடி வச்ச பானைத் தண்ணி பாப்பாவுக்குக் கொதிக்க வச்சது. அதுல சொம்பை விட்டுடாதீங்க.

பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னைக்கு, உங்க அக்கா அவ நாக்குல சர்க்கரைத் தண்ணி வைக்க வந்தாங்க. அது கூடாது, கை கழுவாம பிள்ளையைத் தொடவும் கூடாதுன்னு வாசல்லயே நிறுத்தினேன். இனிமே இந்தப் படி மிதிக்க மாட்டேன்னு போனாங்க. நீங்களும் ஒரு வாரம் என்கூடப் பேசல. அன்னைக்கு நான் செஞ்சது சரிதான். இப்பவும் அதையேதான் சொல்வேன்.

ரெங்கம்மாள்

சொல்ல மறந்துட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு இலை கூட வாங்கி வைங்க. எழுதிட்டு இருக்கும்போதே எடமலைப்பட்டி புதூர்லேருந்து உங்க அக்கா வந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கும் கூட வர்றாங்களாம். படிக்கு வெளியவே நின்னு, ரெண்டு கையையும் நீட்டி, "சோப்பை எடுத்துட்டு வாடி"ன்னாங்க.